முடக்குவாதம் உள்ளவரின் கழுத்தைக் கவனியுங்கள்



நாங்கள் முடக்குவாதத்தோடு வாழ்கிறவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களும். டாக்டர்கள் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்றும் ஊரில் சிலர் சரவாங்கி என்றும் சொல்லும் நோய் இது. விரல் கணு வீங்கும், காலையில் கை மடங்காது என்பதெல்லாம் பலருக்கும் தெரியும். அபூர்வமாக அது கழுத்துக்குள் போய் நரம்பையும் நசுக்கும் என்பது எங்களுக்கே தெரியாமல் இருந்தது.

தலைக்கு நேர்கீழே உள்ள முதல் கழுத்தெலும்பு ஒரு வளையம். இரண்டாம் எலும்பிலிருந்து எழும் முளை ஒன்று அதற்குள் நிற்கிறது. திருகையின் மேல்கல் நடுமுளையைச் சுற்றுவதுபோல, நாம் தலையைத் திருப்பும்போது அந்த வளையம் முளையைச் சுற்றுகிறது. முளை பின்னால் நகர்ந்து தண்டுவடத்தை இடிக்காமல் ஒரு தசைநார் இழுத்துப் பிடித்திருக்கிறது. விரலில் வீங்குகிற அதே மூட்டுச் சவ்வு இங்கும் உண்டு. அது பல ஆண்டுகள் அழன்று எலும்பை அரித்தால் தசைநார் தளர்ந்துவிடும். பெரியவர்களுக்கு வளையத்தின் முன்பகுதிக்கும் முளைக்கும் இடைவெளி பொதுவாக 3 மில்லிமீட்டரைத் தாண்டாது. தளர்ந்த கழுத்தில், குனியும்போதெல்லாம் அது விரியும்.

எங்களில் ஓர் அக்காவுக்கு நோய் வந்து இருபது ஆண்டு. காப்பி டம்ளர் கைநழுவியது. ரவிக்கைக் கொக்கி மாட்ட வரவில்லை. வீங்கிய கை, வேறெப்படி இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். முறத்தில் அரிசி பார்க்கக் குனிந்தால் முதுகில் கரண்ட் அடித்ததுபோல இறங்குகிறது என்றார். அதையும் வாதம் என்றோம். நடை தள்ளாடிய பிறகே கழுத்தைப் படமெடுத்தார்கள். அறுவை சிகிச்சையில் எலும்புகளை இணைத்த பின் வலி போயிற்று. கைப்பிடி முழுதாகத் திரும்பவில்லை. நாள்பட நசுங்கிய நரம்பு பழையபடி மீள்வது அரிது. வாதம் என்று நினைத்தே பல மாதங்களை நாங்கள் வீணாக்கியது இன்னும் உறுத்துகிறது.

ஆகவே கேட்கிறோம். பின்தலையில் ஏறும் வலி, கைகால் மதமதப்பு, விரலின் நிதானம் தப்புவது, தள்ளாட்டம், சிறுநீர் அடக்க முடியாமை, இவற்றில் எது புதிதாக வந்தாலும் மூட்டின் தலையில் பழியைப் போடாதீர்கள். உடனே டாக்டரிடம் காட்டுங்கள். நேராக வைத்து எடுத்த எக்ஸ்ரேயில் விலகல் தெரியாமல் போகலாம். டாக்டரின் மேற்பார்வையில் மெல்லக் குனிந்தும் நிமிர்ந்தும் எடுக்கும் படத்தில்தான் சிலருக்கு அது பிடிபடும். தண்டுவடத்தின் நிலையை எம்.ஆர்.ஐ. காட்டும்.

பாதமோ மணிக்கட்டோ திடீரென்று தொங்கிப்போனால் அது வேறு அவசரம். இந்த நோயால் நரம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்கள் அழன்றிருக்கலாம். அன்றைக்கே போங்கள்.

முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை போடும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையை வலி குறைந்ததும் நீங்களாக நிறுத்தாதீர்கள். தினமும் போட்டும்விடாதீர்கள், அது உயிருக்கே ஆபத்து. நோயைத் தொடக்கத்திலேயே அடக்கி வைத்தவர்களுக்குக் கழுத்து கெடுவது குறைவு.

சலூன் வைத்திருக்கும் அண்ணன் தம்பிகளே, முடி வெட்டியதும் கழுத்தைத் திருகிச் சொடுக்கெடுக்கும் வழக்கம் உங்களிடம் உண்டு. தளர்ந்த கழுத்துள்ளவரை அது ஒரு நொடியில் முடக்கிவிடக்கூடும். யாருக்குத் தளர்ந்திருக்கிறது என்று வெளியே தெரியாது. தயவுசெய்து யாருக்கும் செய்யாதீர்கள்.

எந்த ஆபரேஷன் ஆனாலும், கண்புரையோ குடலிறக்கமோ, மயக்க மருந்து டாக்டரிடம் "எனக்கு முடக்குவாதம், கழுத்தைப் பாருங்கள்" என்று முதலில் சொல்லுங்கள். முழு மயக்கம் கொடுத்தால் மூச்சுக்குழாய்க்குள் குழல் செருகத் தலையை வளைப்பார்கள். தெரிந்தால் வேறு வழியில் செருகுவார்கள். பதற்றத்தில் சொல்ல மறந்துவிடும். மருத்துவ ஃபைலின் மேலட்டையில் இன்றே சிவப்பு மையில் எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
முடக்குவாத நோயாளிகளும் குடும்பத்தாரும்