அறுவடை வண்டிக்குப் பின்னால் நடந்து பாருங்கள்

தை பிறந்துவிட்டால் தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் வீட்டுக்கு வீடு ஒரே கேள்விதான்: 'வண்டி எப்ப வரும்?' ஊர் முழுக்க சம்பா ஒரே சமயத்தில் முற்றி நிற்கும். ஆத்தூர் போன்ற வெளியூர்களிலிருந்து அறுவடை வண்டிகள் லாரியில் வந்து இறங்கும். ஆனால், நம் முறை வருவதற்குள் ஒரு மழை பெய்துவிட்டால் போதும்; கதிர் சாய்ந்து, தண்ணீரில் கிடந்து முளைத்துவிடும். அந்தப் பயத்தில்தான் பலருக்கும் தோன்றுகிறது: பழைய வண்டி ஒன்றைச் சொந்தமாக வாங்கிவிட்டால் என்ன? நம் வயலையும் அறுக்கலாம், வாடகைக்கும் விடலாம்.

அப்படி நினைத்த ஒரு வீடு. எட்டு ஏக்கர் நெல். புரட்டாசியில் கணவர் புரோக்கரோடு போய் ஒரு செயின் வண்டியைப் பார்த்துவிட்டு வந்தார். "புது பெயின்ட் அடிச்சு பளபளன்னு இருக்கு. மீட்டர்ல 1,800 மணி நேரம்தான் காட்டுது. நாளைக்கே அட்வான்ஸ் குடுத்துடலாம்" என்றார். பணத்தில் பாதி, மனைவியின் நகையை அடகு வைத்துத்தான் வரவேண்டும். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ஏங்க, அது அறுக்கிறதைப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. பலரும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

முதலில், எந்த வண்டி என்று முடிவு செய்ய வேண்டும். களிமண் வயலில் ஈரம் காயாதபோது டயர் வண்டி புதைந்துவிடும். அங்கே செயின் வண்டிதான் சரி. ஆனால் அதை ரோட்டில் ஓட்டிப் போக முடியாது. ஊர் மாறும்போதெல்லாம் லாரிச் செலவு உண்டு. அதன் ரப்பர் பெல்ட்டில் வெடிப்பு இருக்கிறதா, உள்ளே இருக்கும் கம்பி வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். புது ஜோடி பெல்ட் என்ன விலை என்று விசாரித்துக்கொண்டு, பிறகு வண்டிக்கு விலை பேசுங்கள்.

பெயின்ட் புதிதாக அடிக்கலாம், மீட்டரையும் மாற்றிவிடலாம். தேய்மானத்தை அவ்வளவு எளிதில் மறைக்க முடியாது. மூடிகளைத் திறக்கச் சொல்லுங்கள். கதிரடிக்கும் டிரம்மின் பற்கள் மழுங்கி உருண்டிருக்கிறதா, நெல்லை மேலே ஏற்றும் சங்கிலி தொய்ந்திருக்கிறதா, நெல்லைத் தள்ளும் திருகின் ஓரம் தேய்ந்து கத்தி மாதிரி ஆகிவிட்டதா, எங்கெல்லாம் வெல்டிங் வைத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். இன்ஜினை நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கக் கூடாது. குளிர்ந்த நிலையிலிருந்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். சூடான பிறகும் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் பாதிப் பரீட்சைதான் முடிந்திருக்கிறது. மீதி வயலில்.

பக்கத்து ஊரில் குறுவை அறுவடைக்கு அந்த வண்டி போயிருந்தது. கணவன், மனைவி இருவரும் போனார்கள். வண்டி போன தடத்தில் நீளம் ஒரு மீட்டர், அகலம் ஒரு மீட்டர் இருக்கும்படி ஒரு சதுரம் கிழித்து, வைக்கோலை உதறி எடுத்துவிட்டு, தரையில் கிடந்த நெல்லை மனைவி உட்கார்ந்து எண்ணினார். பதரை விட்டுவிட வேண்டும். முழு நெல் மட்டும்தான் கணக்கு. அறுக்காத பயிருக்கு அடியிலும் அதேபோல எண்ணி, தானாக உதிர்ந்ததைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

கணக்கு எளிது. ஆயிரம் நெல் ஏறக்குறைய 20 முதல் 25 கிராம் எடை. ஒரு ஏக்கர் என்பது சுமார் 4,000 சதுர மீட்டர். ஆகவே, சதுர மீட்டருக்கு 100 நெல் சிந்தினால் ஏக்கருக்கு 8 முதல் 10 கிலோ போகிறது. அவர் எண்ணியது 500ஐத் தாண்டியது. அதாவது, ஏக்கருக்கு 40 கிலோ சிப்பம் ஒன்று மண்ணுக்கே போகிறது.

சிந்துவதெல்லாம் வண்டியின் குற்றம் என்று சொல்லிவிட முடியாது. டிரைவர் வேகமாக ஓட்டினாலும், காற்றாடி அதிகமாக ஊதினாலும் நெல் பின்னால் போகும். வேகத்தைக் குறைத்து, காற்றைச் சரிசெய்து, இன்னொரு சுற்று அறுக்கச் சொன்னார்கள். எண்ணிக்கை கொஞ்சம்தான் குறைந்தது. தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தால், உமி உரிந்த அரிசியும் நொறுங்கலும் கலந்து கிடந்தன. டிரம்மும் அதன் அடிச்சல்லடையும் போதிய அளவு தேய்ந்துவிட்டன என்று கூடவே வந்திருந்த மெக்கானிக் சொன்னார். மெக்கானிக்கை நாமே கூலி கொடுத்துக் கூட்டிப்போக வேண்டும். புரோக்கர் அழைத்துவரும் ஆள் நமக்காகப் பேசமாட்டார்.

காகிதங்களையும் விட்டுவிடக் கூடாது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். கடன் பாக்கி இல்லை என்ற கடிதம் கையில் வர வேண்டும். அரசு மானியத்தில் வாங்கிய வண்டியானால் விற்பதற்கு நிபந்தனை இருக்கலாம். வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. உதிரி பாகம் பக்கத்தில் எங்கே கிடைக்கும் என்பதும் முக்கியம். சீசனில் ஒரு பெல்ட்டுக்காக இரண்டு நாள் நின்றால், வாடகைக்குச் சொன்னவர்கள் வேறு வண்டியைத் தேடிப் போய்விடுவார்கள்.

"வேற பார்ட்டி ரெடியா இருக்காங்கம்மா. அப்புறம் வருத்தப்படாதீங்க" என்றார் புரோக்கர்.

"அவங்களே வாங்கிக்கட்டும்ண்ணே" என்றார் அவர்.

அந்தத் தையிலும் வாடகை வண்டிதான். முறை வர நான்கு நாளானது. நான்கு நாளும் வீட்டில் எல்லோரும் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்லவேளை, மழை வரவில்லை. வண்டி ஒரு சுற்று முடித்ததும் மனைவி தடத்தில் உட்கார்ந்து எண்ணினார். நூற்றுக்கும் குறைவுதான். கணவரைக் கண்ணால் கூப்பிட்டுக் காட்டினார்.

வாடகைப் பணத்தை எண்ணிக் கொடுக்கும்போது கணவர் மெதுவாகக் கேட்டார்: "அண்ணே, இந்த வண்டியைக் குடுக்கிற யோசனை ஏதாவது இருக்கா?"