டி.வி-யை வாக்கிங் கூட்டிப்போன ஊர்!

1981 டிசம்பர் 13, ஞாயிற்றுக்கிழமை. போலந்து நாட்டுக் குட்டீஸ் எல்லாம் காலையிலேயே டி.வி முன்னால் ஆஜர். 9 மணிக்கு 'டெலெரானெக்' என்ற சிறுவர் நிகழ்ச்சி வரவேண்டும். வரவில்லை. பிறகு திரையில் தோன்றியவர், ராணுவ உடையும் கறுப்புக் கண்ணாடியுமாக இருந்த ஜெனரல் யாருசெல்ஸ்கி. நாட்டில் ராணுவச் சட்டம் அமலுக்கு வந்துவிட்டது என்றார். அந்தத் தலைமுறையிடம் அன்றைய நாளைப் பற்றிக் கேட்டால், பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பீரங்கி வண்டி அல்ல, வராமல் போன அந்தக் கார்ட்டூன் நேரம்தான்.

பெரியவர்கள் விஷயம் தெரிந்துகொள்ள போனை எடுத்தார்கள். டயல் டோனே இல்லை. நாடு முழுக்க லைன் துண்டிக்கப்பட்டிருந்தது.

ஏன் இதெல்லாம்? அதற்கு முந்தைய ஆண்டுதான் 'சாலிடாரிட்டி' என்ற சுதந்திரத் தொழிற்சங்கம் பிறந்திருந்தது. கப்பல் கட்டும் தளத்தில் எலெக்ட்ரீஷியனாக இருந்த லெக் வலேசா அதன் தலைவர். சுமார் மூன்றரைக் கோடி பேர் வாழ்ந்த நாட்டில், கிட்டத்தட்ட ஒரு கோடிப் பேர் உறுப்பினர்கள். கம்யூனிஸ்ட் அரசுக்கு இதைவிடப் பெரிய தலைவலி என்ன வேண்டும்? ஒரே இரவில் வலேசா உட்பட ஆயிரக்கணக்கானவர்களைப் பிடித்து அடைத்தார்கள். டிசம்பர் 16 அன்று வூயெக் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் மீது துப்பாக்கிச்சூடு. 9 தொழிலாளர்கள் இறந்துபோனார்கள்.

'சர்வாதிகாரம் வந்தால் நமக்குத் தெரியாமலா போகும்?' என்று நினைக்கிறோம். ஆனால், அது எப்போதுமே நல்ல பெயரோடுதான் வரும். போலந்தில் ஆட்சியைக் கையில் எடுத்த ராணுவக் குழுவின் பெயர் 'தேசிய மீட்புக் கவுன்சில்'! (அதன் சுருக்கம் 'வ்ரோன்'. போலிஷ் மொழியில் காக்கைக்கு 'வ்ரோனா' என்று பெயர். விடுவார்களா மக்கள்? கவுன்சிலுக்கே காக்கை என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள்.)

பெயரை விட்டுவிட்டு, நடப்பதைப் பாருங்கள். கொஞ்ச நாளில் போன் திரும்ப வந்தது. ரிசீவரை எடுத்தால், 'இந்த உரையாடல் கண்காணிக்கப்படுகிறது' என்று பதிவு செய்த குரல் ஒன்று சொல்லும். கடிதங்களைப் பிரித்துப் படித்து, 'தணிக்கை செய்யப்பட்டது' என்று முத்திரை குத்தி அனுப்பினார்கள். பத்திரிகையாளர்களை ஒவ்வொருவராக அழைத்து விசாரித்து, ஒத்துவராதவர்களை வேலையிலிருந்து தூக்கினார்கள். டி.வி-யில் செய்தி வாசிப்பவர்களுக்கு ராணுவச் சீருடை மாட்டிவிட்டார்கள். அந்த உடையோடு தினமும் இரவு 7.30 மணிக்கு, 'எல்லாம் அமைதியாக இருக்கிறது' என்ற தொனியில் செய்தி வரும்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் செய்தியை யாரும் நம்பவேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. எல்லோரும் வீட்டுக்குள் உட்கார்ந்து பார்த்தால் போதும். பக்கத்து வீட்டிலும் டி.வி ஓடுகிற சத்தம் கேட்கும். 'அவர்களும் பார்க்கிறார்கள், அப்போ நாம் மட்டும்தான் இப்படி நினைக்கிறோமோ' என்று தோன்றும். ஒவ்வொருவரும் தான் மட்டும் தனி என்று நினைப்பதுதான் இந்த மாதிரி ஆட்சிகளின் பெரிய பலம் என்பேன். போலீஸ்கூட அதற்கு அப்புறம்தான்.

லூப்ளின் நகரத்துக்குப் பக்கத்தில் ஸ்விட்னிக் என்று ஒரு சின்ன ஊர். ஹெலிகாப்டர் தொழிற்சாலைதான் அங்கே பிழைப்பு. 1980 ஜூலையில் கேன்டீனில் இறைச்சி விலையை ஏற்றியதற்காக வேலையை நிறுத்திய தொழிலாளர்கள் இவர்கள். 1982 பிப்ரவரி 5 அன்று மாலை, சரியாக 7.30 மணிக்கு, அந்த ஊர்க்காரர்கள் வீட்டைவிட்டு வெளியே வந்து நடக்க ஆரம்பித்தார்கள். கோஷம் இல்லை, கொடி இல்லை. சும்மா ஒரு வாக்கிங். செய்தி முடிந்ததும் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். மறுநாளும் அதே நேரம், அதே நடை.

சிலர் டி.வி பெட்டியின் முகத்தை ஜன்னல் வழியாகத் தெருப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு வந்தார்கள். 'நீயே பேசு, நீயே கேள்' என்கிற மாதிரி! இன்னும் சிலர் பெட்டியைக் குழந்தை வண்டியில் ஏற்றி, தெருத்தெருவாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். குளிர்காலம், இருட்டு, அதில் ஒரு வண்டிக்குள் டி.வி. கற்பனை செய்து பாருங்கள்.

அதிகாரிகளுக்கு இது பெரிய சிக்கல். ஊர்வலத்தைத் தடை செய்யலாம். தம்பதியாக நடந்து போவதை என்ன செய்வது? கடைசியில் அந்த ஊருக்கு மட்டும் ஊரடங்கை இரவு 7 மணிக்கே தொடங்கினார்கள். மக்கள் என்ன செய்தார்கள்? மாலை 5 மணிச் செய்திக்கு நடக்கப் போனார்கள்! பழக்கம் வேறு ஊர்களுக்கும் பரவியது.

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவளாகச் சொல்கிறேன், இந்தக் கதையில் என்னை உலுக்கியது இதுதான். எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணைப் பார்த்தேதான் எங்கள் நாள் விடிகிறது. யாருமே பார்க்கவில்லை என்றால், சொல்பவருக்கு வலிக்கும். ஒரு ஊரே சேர்ந்து, வெளிப்படையாகப் பார்க்க மறுத்தால்?

இதைப்போல இன்னும் சில உண்டு. மாணவர்கள் சட்டையில் ஒரு சின்ன எலெக்ட்ரானிக் ரெசிஸ்டரைக் குத்திக்கொண்டார்கள். போலிஷில் அதற்கு 'ஓபோர்னிக்' என்று பெயர், எதிர்ப்பு என்பதற்கான சொல்லிலிருந்து வந்தது. நடிகர்கள் பலர் அரசு டி.வி-யில் நடிக்க மறுத்து, வருமானத்தை இழந்தார்கள். மீறி நடித்தவர்கள் நாடக மேடை ஏறினால், ரசிகர்கள் வசனம் பேசவே விடாமல் கைத்தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

வாக்கிங் போனதால் ஆட்சி கவிழ்ந்துவிட்டதா? இல்லை. ராணுவச் சட்டம் 1983 ஜூலையில்தான் முழுதாக விலகியது. அதன் பிறகும் தொழிற்சங்கத்துக்குத் தடைதான். பலர் வேலையை இழந்தார்கள், நாட்டைவிட்டே போனவர்களும் ஏராளம். பொருளாதாரம் படுத்ததும், மாஸ்கோவில் கோர்பச்சேவ் வந்ததும் பெரிய காரணங்கள். ஆனால், 1989 ஜூன் 4 அன்று ஓரளவு சுதந்திரமான தேர்தல் நடந்தபோது, சாலிடாரிட்டி சார்பில் நிற்க ஆட்கள் இருந்தார்கள், பயப்படாமல் ஓட்டுப்போட மக்கள் இருந்தார்கள். கீழவையில் போட்டியிட அனுமதித்த 161 இடங்களையும், செனட்டில் 100-க்கு 99 இடங்களையும் அது வென்றது.

அந்த அக்டோபரில், யோவான்னா ஷ்செப்கோவ்ஸ்கா என்ற நடிகை டி.வி-க்குப் பேட்டி கொடுக்க வந்தார். ஜூன் 4 அன்றே போலந்தில் கம்யூனிசம் முடிந்துவிட்டது என்று நேயர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அறிவித்தார். அது ஒளிபரப்பானது, ஸ்விட்னிக் மக்கள் பார்க்க மறுத்த அதே 7.30 மணிச் செய்தியில்தான். அடுத்த மாதமே அந்தச் செய்தி நிகழ்ச்சியை மூடிவிட்டு, வேறு பெயரில் புதிதாக ஒன்றைத் தொடங்கினார்கள்.