போதும் என்று பற்றரிக்கு யார் சொல்வது?



சென்ற மாதம் கிளிநொச்சியிலிருந்து ஓர் அக்கா, மகளின் கிளினிக்குக்காகப் பேராதனைச் சிறுவர் வைத்தியசாலைக்கு வந்து இரண்டு இரவுகள் என் வீட்டில் தங்கினார். ஒரு கையில் கிளினிக் கொப்பி, மற்றக் கையில் உரப்பை. பைக்குள் பாரமான இரும்புப் பெட்டி ஒன்று.

"தங்கச்சி, இதை இஞ்ச ஆரும் பார்த்துச் சொல்லுவினமோ?"

அது ஒரு பற்றரி சார்ஜர்.

அக்காவின் குழுவில் பதினொரு பெண்கள். பலர் போரில் கணவரை இழந்தவர்கள்; சிலர் இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்கள். பற்றரியில் ஓடும் சிறிய தோட்ட உழவு இயந்திரம் ஒன்றை ஒரு நிறுவனம் அவர்களுக்குக் கொடுத்திருந்தது. லாண்ட்மாஸ்டர் என்றால் திருகி இயக்கக் கைப்பலம் வேண்டும். அதற்கு ஓர் ஆளைக் கூப்பிட வேண்டும், அவர் வரும் நாள்தான் உழவு நாள். இதுவோ திறப்பைத் திருப்பினால் ஓடும். கத்தரியும் மிளகாயும் அவர்கள் நினைத்த நாளில் நட்டார்கள்.

எட்டு மாதத்தில் மூன்று பற்றரிகளும் செத்துவிட்டன. பார்க்க வந்த அலுவலர், "பொம்பிளையளிட்ட மெசின் குடுத்தால் இப்பிடித்தான்" என்றாராம். புதியவை வாங்குவதென்றால் குழுச் சேமிப்பில்தான் கைவைக்க வேண்டும். யாருடைய பிழை என்று பெண்களுக்குள்ளேயே முகம் கொடுத்துப் பேசாத நிலை.

நான் சமூகவியல் படித்தவள். வீட்டில் பியூஸ் போனாலே பக்கத்து வீட்டைத்தான் பார்ப்பேன். ஆகவே கிளினிக் முடிந்ததும் கெட்டம்பேயில் பற்றரி திருத்தும் வயதான பாஸ் ஒருவரிடம் போனோம். அவர் சிங்களத்தில் கேட்க, நான் தமிழில் சொன்னேன். எத்தனை மணித்தியாலம் சார்ஜ் போடுவீர்கள்?

"பின்னேரம் கொழுவினால் விடியத்தான் கழட்டுவம்."

பாஸ் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு டிரான்ஸ்போமர், சில டயோட்டுகள். நிறுத்துவதற்கு ஒன்றுமே இல்லை. பற்றரி நிரம்பிய பிறகும் அது மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

அவர் விளக்கியதை நான் விளங்கியபடி எழுதுகிறேன். 12 வோல்ற் ஈய அமிலப் பற்றரி நிரம்பியிருந்தால், சார்ஜரைக் கழற்றிச் சில மணித்தியாலம் விட்டு அளக்கும்போது ஏறத்தாழ 12.6 காட்டும். 12.2 என்றால் பாதிதான். சார்ஜ் ஏறும்போது 14.4 வரை போகலாம். நிரம்பியதும் நல்ல சார்ஜர் தானாக 13.6 அளவுக்கு இறங்கிவிடும். இறங்காவிட்டால் உள்ளேயிருக்கும் நீர் ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிந்து போகும், தகடுகள் வெளியே தெரியும், பற்றரி முடிந்தது. காற்றில் 4 சதவீதம் ஐதரசன் இருந்தாலே தீப்பற்றப் போதும். அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். வீட்டில் பிளக் இருந்த ஒரே இடம் குசினி. அடுப்புக்குப் பக்கத்தில்தான் இத்தனை நாளும் சார்ஜ் போட்டிருக்கிறார்கள்.

நான் நினைத்தும் பாராத ஒன்றையும் பாஸ் சொன்னார். இந்த 14.4 என்பது 25 பாகை வெப்பத்துக்கான கணக்கு. பேராதனைக்கு அது ஏறத்தாழப் பொருந்தும். கிளிநொச்சியில் 35 பாகை வெயிலில் 14.2க்கு மேல் விடக்கூடாது. இங்கே அளவாக இருக்கும் சார்ஜர் அங்கே பற்றரியைக் கொதிக்க வைத்துவிடும்.

பெண்கள் பக்கத்திலும் இரண்டு தவறுகள் இருந்தன. நீர் குறைந்தபோது கிணற்றுத் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். காய்ச்சி வடித்த நீர் மட்டுமே விடலாம், அதுவும் சார்ஜ் முடிந்த பிறகு. தகடு வெளியே தெரிந்தால் மட்டும், அது மூடுமளவுக்கு முதலிலேயே விட வேண்டும். மழை வாரங்களில் பற்றரிகளைப் பாதிச் சார்ஜிலேயே போட்டு வைத்ததும் கூடாது. தகட்டில் சல்பேற்று இறுகிவிடும். ஆனால் இதையெல்லாம் அவர்களுக்கு யார் சொன்னார்கள்? கூட வந்த புத்தகத்தில் ஒரு வரிகூடத் தமிழில் இல்லை. கையளிக்கும்போது படம் எடுத்த நேரத்தில் இதைச் சொல்லியிருக்கலாம்.

எங்களுக்குப் பற்றரி புதிதல்ல. 1990க்குப் பிறகு வடக்கில் மின்சாரமில்லாத ஆண்டுகளில், பற்றரிகூடத் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்தபோது, சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட சனம் நாங்கள். கார் பற்றரியை சைக்கிள் கரியரில் கட்டிச் சார்ஜ் கடைக்குக் கொண்டுபோனோம். எப்போது நிறுத்துவது என்பது மட்டும் கடைக்காரருக்குத்தான் தெரிந்திருந்தது.

இப்படியான இயந்திரமும் புதிதல்ல. அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 1969 முதல் சில ஆண்டுகள் எலெக்-ட்ராக் என்ற தோட்ட உழவு இயந்திரத்தைச் செய்தது. ஆறு வோல்ற் பற்றரிகள் ஆறு, மொத்தம் 36 வோல்ற். அக்காவின் இயந்திரமும் 36தான். நிறுவனம் கைவிட்ட பிறகும் பற்றரியை மாற்றி, சார்ஜரை மாற்றி, அவற்றை இன்றும் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

நேரம் பார்த்து நிறுத்தும் டைமர் போதாதா என்று கேட்டேன். ஒன்றுமில்லாததற்கு அது பரவாயில்லையாம். ஆனால் 2022இல் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததே, அப்படிக் கரண்ட் போனால் சிலவகை டைமர் அப்படியே நின்றுவிடும், சிலவகை சார்ஜ் ஏறாமலே ஓடி முடியும். ஆகவே தானாக நிறுத்தும் சார்ஜரும், அதைச் சரிபார்க்க ஒரு சிறிய வோல்ற்மீற்றரும் வேண்டும். மூன்று பற்றரிகளையும் தனித்தனியே அளக்க வேண்டும். ஒன்று மட்டும் குறைந்து நின்றால் நோய் அதில்தான்.

சார்ஜரை மாற்றும்வரை புதுப் பற்றரி வாங்க வேண்டாம் என்று பாஸ் சொல்லிவிட்டார். அக்கா அன்று மீற்றர் மட்டும் வாங்கினார். இரவு மகளைப் படுக்க வைத்துவிட்டு, கிளினிக் கொப்பியின் கடைசி ஒற்றையில் பெரிய எழுத்தில் எழுதினார்: நிரம்பினால் 37.8, பாதி என்றால் 36.6, வெயிலுக்குள் 42.6க்கு மேல் விடாதே.

"பிளக்குக்கு மேல ஒட்டப் போறன்" என்றார். "அந்த அலுவலர் திரும்ப வரட்டும், வாசிக்கச் சொல்லுறன்."