மாற்ற முடியாத சாவி

“மடியில் கனமில்லை என்றால் வழியில் பயம் எதற்கு?” பயோமெட்ரிக் பதிவுகளைப் பற்றி எவரேனும் ஐயம் எழுப்பினால், நம் சமுதாயத்திலும் முதலில் எழுகிற மறுமொழி இதுதான். கைவிரல் ரேகையைக் கேட்டால் வைத்துவிட்டுப் போக வேண்டியதுதானே, கருவிழியைப் படம் பிடித்தால் என்ன குறைந்துவிடும், குற்றவாளியல்லவா அஞ்ச வேண்டும் என்று கற்றறிந்தவர்களும் பேசுகின்றனர்.

அன்புச் சகோதர சகோதரிகளே! இந்தப் பழமொழி இங்கே பொருந்தாது. நம் மடியில் கனம் இருக்கத்தான் செய்கிறது. பிறப்பு முதல் இறப்பு வரை மாறாத நமது உடலின் அடையாளம் அது. வழியில் கள்வர்களும் இருக்கின்றனர். ஆகவே அஞ்ச வேண்டியவன் குற்றவாளி மட்டுமல்லன். ஒரு தவறும் செய்யாத குடும்பத் தலைவனும் அஞ்சியே ஆக வேண்டும்.

களவு போனால் திரும்பாது

வீட்டுச் சாவி தொலைந்தால் பூட்டை மாற்றுகிறோம். வங்கி அட்டை களவு போனால் அதை முடக்கிவிட்டுப் புதியது வாங்குகிறோம். கடவுச்சொல் கசிந்தால் வேறு சொல் வைக்கிறோம். கைவிரல் ரேகை களவு போனால் என்ன செய்வது? இறைவன் தந்த விரல்கள் பத்துதான். பதினோராவது விரலை எந்த அலுவலகமும் தராது.

இது வீண் கற்பனை அன்று. 2015இல் அமெரிக்க அரசின் பணியாளர் நிர்வாக அலுவலகத்தின் கணினிகளுக்குள் ஊடுருவியவர்கள் ஏறத்தாழ 56 லட்சம் பேரின் கைரேகைகளைக் கவர்ந்து சென்றதை அந்த அரசே ஒப்புக்கொண்டது. உலகின் பெரும் வல்லரசால் தன் ஊழியர்களின் ரேகைகளைக் காக்க முடியவில்லை. 2014இல் ஜெர்மனியின் கணினி வல்லுநர் ஒருவர், அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சரின் கட்டைவிரல் ரேகையை வெறும் புகைப்படங்களிலிருந்தே மீட்டெடுத்துக் காட்டினார். கடவுச்சொல்லை மனத்துக்குள் ஒளித்து வைக்கலாம். விரல் ரேகையையோ தொட்ட குவளையிலும் பிடித்த கதவிலும் விட்டுவிட்டே நாம் நடமாடுகிறோம்.

நம் நாட்டில் நடந்தது என்ன? 2018இல் தெலங்கானாவில் ஒருவர், பத்திரப் பதிவுத் துறையின் இணையதளத்தில் இருந்த நில ஆவணங்களிலிருந்து பொதுமக்களின் கைரேகைகளை எடுத்து, அவற்றைக் கொண்டு போலி ரேகைகள் வார்த்து, சிம் அட்டைகளைச் செயல்படுத்தியதாகக் கைது செய்யப்பட்டார். அதன் பின்னர் இதே உத்தி வங்கிக் கணக்குகளின் பக்கம் திரும்பியது. ஆதார் வழிப் பணப்பட்டுவாடாவில் பணம் எடுக்க வங்கியின் பெயர், ஆதார் எண், விரல் ரேகை ஆகிய மூன்றும் போதும். ஓடிபி வேண்டியதில்லை, இரகசிய எண்ணும் வேண்டியதில்லை. கிராமத்து மூதாட்டிக்கு வங்கியை வாசலுக்குக் கொண்டு வந்த ஏற்பாடு என்று இதைப் புகழ்கின்றனர். அது உண்மைதான். அதே வாசல் வழியாகத் திருடனும் வருகிறான் என்பதும் உண்மை. நிலம் விற்ற பத்திரத்தில் பெருவிரலை அழுத்திய மனிதர், அந்தத் தாளே தன் சேமிப்பின் சாவியாகிவிடும் என்று நினைத்திருப்பாரா?

தேய்ந்த விரல்களின் கதி

திருடனுக்குத் திறக்கும் இந்தக் கதவு, உரியவருக்குத் திறக்க மறுப்பதும் உண்டு. பத்தமடையில் கோரைப்பாய் நெய்யும் நம் பெண்களின் விரல்களைப் பாருங்கள். மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் தாய்மார்களின் விரல்களைப் பாருங்கள். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் பதனிடும் தொழிலாளர்களின் கைகளைப் பாருங்கள். உழைப்பும் முதுமையும் ரேகையைத் தேய்க்கின்றன. தேய்ந்த ரேகையை இயந்திரம் ஏற்பதில்லை. 2018இல் உச்ச நீதிமன்ற விசாரணையின்போது, அரசுச் சேவைகளுக்கான ஆதார் சரிபார்ப்பில் 12 விழுக்காடு தோல்வியடைகிறது என்பதை அடையாள ஆணையத்தின் தலைமை அதிகாரியே ஒப்புக்கொண்டார். நூறு முயற்சிகளில் பன்னிரண்டு! அலுவலக வருகைப் பதிவில் இத்தகைய தோல்வி சிறு தொல்லை. ரேஷன் கடை வரிசையில் அது அடுப்பெரியாத வீடு.

2017 செப்டம்பரில் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதார் இணைக்கப்படாததால் குடும்ப அட்டை நீக்கப்பட்டது, மாதக்கணக்கில் அரிசி கிடைக்கவில்லை, பசியால்தான் இறந்தாள் என்று குடும்பத்தாரும் உணவுரிமை ஆர்வலர்களும் கூறினர். மலேரியாவால் இறந்தாள் என்றது நிர்வாகம். இரண்டில் எதை ஏற்றாலும் ஒரு கேள்வி எஞ்சுகிறது: தான் ஏழை என்பதை எண்பிக்கும் சுமையை ஏழையின் தலையிலேயே ஏற்றியது யார்?

போலி அட்டைகள் ஒழிகின்றன, பொதுப்பணம் மிச்சமாகிறது என்று மறுதரப்பினர் வாதிடுவர். போலி ஒழியட்டும், அதை நாமும் வரவேற்கிறோம். ஆனால் எடையில் குறைத்தும் மூட்டையோடு கடத்தியும் நடக்கும் திருட்டை விரல் ரேகை தடுக்காது. வரிசையில் நிற்பவர் யார் என்பதை மட்டுமே அது சொல்லும். அவருடைய பையில் எத்தனை கிலோ விழுந்தது என்பதைச் சொல்லாது.

தொகுத்தவர் ஒருவர், ஆள்பவர் வேறொருவர்

இனி மிகப் பெரிய ஆபத்துக்கு வருவோம். ஒரு பட்டியலைத் தொகுப்பவரின் நோக்கம் தூயதாகவே இருக்கலாம். பட்டியல் அவரோடு முடிந்துவிடுவதில்லை. நாளை அது யார் கைக்குப் போகும் என்பதே கேள்வி.

மியன்மாரிலிருந்து உயிர் தப்பி வந்த ரோஹிங்கியா மக்களின் விவரங்களை, பங்களாதேஷ் முகாம்களில் உதவி வழங்குவதற்காக ஐ.நா. அகதிகள் முகமை திரட்டியது. கைரேகையும் அவற்றில் அடக்கம். அவ்விவரங்கள் பங்களாதேஷ் அரசின் வழியாக மியன்மாருக்கே, அதாவது அம்மக்கள் எவருக்கு அஞ்சி ஓடி வந்தார்களோ அவர்களுக்கே சென்றதை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2021இல் வெளிக்கொணர்ந்தது. ஒப்புதல் கேட்டே செய்தோம் என்கிறது முகமை. உணவு அட்டைக்காகப் பதிந்த மனிதரின் ஒப்புதல் எத்தகைய ஒப்புதல்?

சீனாவின் சின்ஜியாங் பகுதியில் 12 முதல் 65 வயது வரையிலான மக்களின் கைரேகை, கருவிழிப் பதிவு, மரபணு மாதிரி ஆகியவை திரட்டப்படுவதை அதே அமைப்பு 2017இல் அம்பலப்படுத்தியது. அவற்றில் ஒரு பகுதி இலவச மருத்துவப் பரிசோதனை என்ற பெயரில் எடுக்கப்பட்டது. ஹெப்ரானின் சோதனைச் சாவடிகளில் பலஸ்தீனர்களின் முகங்களை ‘சிவப்பு ஓநாய்’ என்ற கருவி அவர்களின் சம்மதமின்றியே பதிவு செய்வதாக 2023இல் ஆம்னஸ்டி அறிவித்தது. தம் சொந்தத் தெருவில் நடக்கலாமா கூடாதா என்பதை அங்கே ஓர் இயந்திரம் முடிவு செய்கிறது. நோய்க்கும் பசிக்கும் பயணத்துக்கும் என்று சொல்லி வாங்கிய உடலடையாளம் ஆளப்படுவோரின் கழுத்துக் கயிறாக மாறிய வரலாறு இது. மடியில் கனமில்லாத மக்களுக்குத்தான் இவை அனைத்தும் நேர்ந்தன.

சட்டம் காக்குமா?

அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். அடுத்த ஆண்டு செப்டம்பர் 26 அன்று வந்த ஆதார் தீர்ப்பில் நான்கு நீதிபதிகள் திட்டத்தை நிலைநிறுத்தினர். சந்திரசூட் ஒருவரே சட்டம் முழுவதும் செல்லாது என்றார். ஆயினும் அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பும்கூட, தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கோர வழிவகுத்த 57ஆம் பிரிவை அகற்றியது; வங்கிக் கணக்குக்கும் சிம் அட்டைக்கும் ஆதாரைக் கட்டாயமாக்க முடியாது என்றது; பள்ளிச் சேர்க்கைக்கு அது நிபந்தனையாகக் கூடாது என்றது. இவற்றை நம்மில் எத்தனை பெற்றோர் அறிவோம்? கேட்டவுடன் நகலை நீட்டுகிறோம்.

மறுபுறம், 2023இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காகத் தன் அமைப்புகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசின் கையிலேயே கொடுத்திருக்கிறது. காவலுக்கு வைத்த வேலியில் காவலனுக்கென்று தனி வாயில்! ஆதார் பதிவேட்டிலுள்ள பெயர், முகவரி போன்ற விவரங்களை வெறும் 500 ரூபாய்க்குப் பெற முடிந்ததை 2018 ஜனவரியில் ட்ரிப்யூன் நாளேடு வெளியிட்டபோது, காவல்துறையில் பதிவான புகாரில் அதை எழுதிய செய்தியாளரின் பெயரும் சேர்க்கப்பட்டது. ஓட்டையைக் காட்டியவரே குற்றவாளி என்றால் ஓட்டையை அடைப்பவர் யார்?

மேடையில் அற்புதம், வாசலில் அலட்சியம்

மறுமையில் மனிதனின் விரல் நுனிகளைக்கூட முன்போல் சீராக்க அல்லாஹ் ஆற்றலுள்ளவன் என்று அல்கியாமா அத்தியாயம் அறிவிக்கிறது. அதைக் கைரேகையின் அற்புதமாக நம் மேடைகளில் பெருமையோடு விளக்குகிறோம். அந்த அற்புதத்தைக் கண்ட கண்ட இயந்திரத்தில் எல்லாம் பதித்துவிட்டு வருகிறோமே, இது எவ்வகை நன்றி? பிறர் குறைகளைத் துருவி ஆராய்வதை அல்ஹுஜுராத் தடுக்கிறது. அனுமதி பெறாமல் பிறர் வீட்டில் நுழையாதீர்கள், திரும்பிச் செல்லுங்கள் எனப்பட்டால் திரும்பிவிடுங்கள் என்று அந்நூர் கற்பிக்கிறது. வீட்டின் கதவுக்கே இத்தனை மரியாதை என்றால் உடலின் அடையாளத்துக்கு எத்தனை மரியாதை வேண்டும்! பிறருடைய தரவு அமானிதம். இது அரசுக்கு மட்டும் சொல்லப்படும் அறிவுரை அன்று. வருகைப் பதிவுக்கென விரல் ரேகைக் கருவி பொருத்தும் நம் பள்ளி நிர்வாகங்களும் கடை முதலாளிகளும், அந்தப் பதிவு எங்கே தங்குகிறது, பணியாளர் விலகிய பின் அழிக்கப்படுகிறதா என்று ஒருமுறையேனும் கேட்டதுண்டா?

நாம் செய்ய வேண்டியவை

தொழில்நுட்பத்தையே வெறுக்கச் சொல்லவில்லை. நம் கைப்பேசியைத் திறக்கும் ரேகை பொதுவாக அந்தக் கைப்பேசிக்குள்ளேயே தங்குகிறது. அதன் காவலர் நாமே. ஊரார் அனைவரின் ரேகையையும் ஓரிடத்தில் குவிப்பது வேறு. இந்த வேறுபாட்டை முதலில் உணர்வோம்.

ஆதார் இணையதளத்திலோ கைப்பேசிச் செயலியிலோ உங்கள் பயோமெட்ரிக் பதிவை இன்றே பூட்டிவையுங்கள். தேவைப்படும் நேரத்தில் மட்டும் திறவுங்கள். வீட்டிலுள்ள முதியவர்களுக்கும் செய்து கொடுங்கள். நகல் கேட்கும் இடத்தில் வேறு ஆவணம் போதுமா என்று கேளுங்கள். போதாதெனில் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைப்பு நகலைக் கொடுங்கள். பதினெட்டு வயது நிறைந்த பிள்ளை, ஆறு மாதங்களுக்குள் விண்ணப்பித்துத் தன் ஆதாரை நீக்கிக்கொள்ளச் சட்டத்தில் இடமுண்டு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ரேகை பதியாததால் ரேஷன் மறுக்கப்படுவோருக்காக ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் எழுத்து மூலம் முறையிட முன்வரட்டும். மக்கள் பிரதிநிதிகள் வாக்குக் கேட்டு வரும்போது, விலக்குகள் இல்லாத தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்காகக் குரல் கொடுப்பீர்களா என்று அவர்களைக் கேளுங்கள்.

“என் விரல் ரேகை உமக்கு எதற்கு?” என்று கேட்பது குற்றமன்று, அது நம் உரிமை. அமானிதத்தைப் பேணும் விழிப்பை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக!