சின்ன வளையம்... பெரிய பாடம்!



வளையம் என்றதும் யாரும் கல்யாண மோதிரத்தை நினைத்துவிட வேண்டாம். அதற்கு நமக்கு இன்னும் வயசும் வரவில்லை, வேலையும் கிடைக்கவில்லை! நான் சொல்ல வந்தது கார் சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவில் உட்காரும் ஒரு வளையத்தைப் பற்றி. ஹப் சென்ட்ரிக் ரிங் என்பது அதன் முழுப் பெயர். கடையில் 'சென்டர் ரிங்' என்றாலே புரிந்துகொள்வார்கள். ஆனால் நாம் கேட்டால்தான் கொடுப்பார்கள். கேட்காவிட்டால் பல கடைகளில் அந்தப் பேச்சே வராது. இந்தக் கட்டுரையே அதனால்தான்.

எங்கள் வீடு யானைக்கவுனியில். என் தாய்மாமா ஒரு டிசையர் வைத்து டாக்சி ஓட்டுகிறார். ஆசைப்பட்டு அந்த வண்டிக்கு அலாய் வீல் போட்டார். (எங்கள் பக்கத்தில் இன்னும் 'மேக் வீல்' என்றுதான் சொல்வார்கள்.) வாங்கிய கடையின் பெயர் இங்கே வேண்டாம். வால்டாக்ஸ் ரோட்டில் ஓட்டும்போது ஒரு குறையும் இல்லை. திருப்பதி சவாரி கிடைத்தது. கும்மிடிப்பூண்டி தாண்டி தடா பக்கம் வேகம் எண்பதைத் தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பித்துவிட்டது. பின் சீட்டில் இருந்த பெரியவர், "இன்னாப்பா, வண்டிக்கு குளிர் ஜுரமா?" என்று கேட்டாராம்.

திரும்பி வந்ததும் மாமா வீல் பேலன்சிங் பார்த்தார். மெஷின் நான்கு சக்கரத்துக்கும் பூஜ்யம் காட்டியது. நடுக்கம் போகவில்லை. மெக்கானிக் டை ராடு எண்டு மாற்றச் சொன்னார், மாற்றினார். ஒரு வாரம் வண்டி பூப்போல ஓடியது. அப்புறம் ஒரு பஞ்சர்... சக்கரத்தைக் கழற்றி மாட்டியதும் பழைய குருடி கதவைத் திறடி! அடுத்து லோயர் ஆர்ம். அதுவும் செலவுதான்.

கடைசியில் என் அம்மா, "ஏன் ஊரெல்லாம் கேட்டுக்கினு கீற? நம்ம வூட்லயே ஒருத்தன் படிக்கிறான் இல்ல, அவனைக் கேளு" என்றார். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். மாமா வந்து என் எதிரில் உட்கார்ந்து, "சொல்லுடா தம்பி, என்னவா இருக்கும்?" என்றார். நானும் பெரிய என்ஜினியர் மாதிரி யோசித்துவிட்டு, "பேலன்சிங் சரியில்ல மாமா, வேற கடையில பாருங்க" என்று சொல்லிவிட்டேன். மாமா அதை நம்பி ஒரு நாள் சவாரியை விட்டுவிட்டு வேறு கடைக்குப் போனார். அங்கேயும் பூஜ்யம்தான்!

அடுத்த வாரம் மெட்ராலஜி லேபில் ஒரு புஷ்ஷின் உள் விட்டத்தை வெர்னியரில் அளந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் உறைத்தது. மாமாவின் சக்கரத்தில் நடுத்துளையை யாராவது அளந்தார்களா? அன்று சாயங்காலமே ஒரு சக்கரத்தைக் கழற்றி அளந்தோம். ஹப்பின் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் வட்டம் 54 மி.மீ. புது வீலின் துளை 73 மி.மீ. சுற்றிலும் ஒன்பதரை மில்லிமீட்டர் வெறும் காற்று! கைவிரலை விட்டால் உள்ளே போகிறது.

ஏன் இப்படி? கம்பெனி வீல் ஒரே மாடலுக்காகச் செய்யப்படுவது. அதன் துளை ஹப்பில் கச்சிதமாக உட்காரும். ஸ்விஃப்ட், டிசையர் வண்டிகளுக்கு 54.1 மி.மீ., ஹோண்டா சிட்டிக்கு 56.1, போலோவுக்கு 57.1, இன்னோவாவுக்கு 60.1. வெளிக்கடை வீல் செய்கிறவர் ஒவ்வொரு வண்டிக்கும் தனி அச்சு போட முடியாது. அதனால் 67.1 அல்லது 73.1 என்று பெரிதாகவே துளை போட்டுவிடுகிறார். அதில் தவறில்லை. மிச்ச இடத்தை நிரப்பத்தான் இந்த வளையம். வெளி விட்டம் வீலுக்கு, உள் விட்டம் ஹப்புக்கு. மாமாவுக்குத் தேவை 73.1-க்கு 54.1.

மெஷின் ஏன் பூஜ்யம் காட்டியது என்பதைக் கொஞ்சம் யோசியுங்கள். பேலன்சிங் மெஷினில் சக்கரத்தை நடுத்துளையில் கோன் வைத்துத்தான் மாட்டுகிறார்கள். அங்கே துளையின் மையம்தான் சுழலும் மையம். வண்டியில் துளை எதையும் தொடவில்லை. நான்கு நட்டுதான் மையத்தை முடிவு செய்கிறது. மெஷினில் ஒரு மையம், வண்டியில் வேறு மையம்! மெஷின் பொய் சொல்லவில்லை. நாம்தான் தப்பான கேள்வி கேட்டோம். டை ராடு மாற்றியபோது நடுக்கம் போனதும் இதனால்தான். சக்கரத்தைத் திரும்ப மாட்டியபோது தற்செயலாக நடுவில் உட்கார்ந்திருக்கும். பஞ்சருக்குப் பிறகு நகர்ந்துவிட்டது. "கழற்றி மாட்டும்போதெல்லாம் நடுக்கம் மாறுகிறது" என்று யாராவது சொன்னால் முதலில் துளையை அளந்து பாருங்கள்.

நம் கணக்குப் புத்தகத்திலேயே மீதியும் இருக்கிறது. டயரோடு சக்கரம் 15 கிலோ என்று வையுங்கள். மையம் அரை மில்லிமீட்டர் விலகினால், 15 அங்குல ரிம்மின் ஓரத்தில் 40 கிராம் ஈயக்கட்டி தப்பாக ஒட்டியதற்குச் சமம். 100 கிலோமீட்டர் வேகத்தில் 30 செ.மீ. ஆரமுள்ள சக்கரம் வினாடிக்குச் சுமார் 15 முறை சுற்றும். மைய விலக்கு விசை சுமார் 64 நியூட்டன். ஆறரை கிலோ எடையை வினாடிக்குப் பதினைந்து தடவை மேலும் கீழும் ஆட்டுவது போல. 40 கிலோமீட்டரில் அதே விசை 10 நியூட்டன்தான், ஏனென்றால் வேகத்தின் வர்க்கம்! வால்டாக்ஸ் ரோட்டில் நாற்பது போவதே அதிசயம். அதனால்தான் வியாதி ஊருக்குள் தெரியாமல் ஹைவேயில் தெரிந்தது. இந்த சூத்திரத்தை நான் பரீட்சையில் எழுதி முழு மார்க் வாங்கியவன். மாமா கேட்டபோது ஞாபகம் வரவில்லையே!

"டேப்பர் நட்டு இருக்கே, அதுவே சென்டர் பண்ணிடும்" என்று வாதம் செய்பவர்கள் உண்டு. அதில் உண்மையும் உண்டு. ஜாக்கியில் சக்கரம் தொங்கும்போது கையால் நட்டைப் போட்டு, எதிரெதிராக, படிப்படியாக முறுக்கினால் கூம்பு நட்டு மையத்துக்கு இழுத்து வரும். ஆனால் அவசரத்தில் என்ன நடக்கிறது? முதல் நட்டையே ஏர் கன்னில் முழுசாக முறுக்கிவிடுகிறார்கள். சக்கரம் அந்தப் பக்கம் சாய்ந்து பிடித்துக்கொள்கிறது. வளையம் இருந்தால் மாட்டுபவர் அவசரப்பட்டாலும் மையம் தவறாது.

இன்னொரு பக்கம், "ரிங்தான் வண்டி வெயிட்டைத் தாங்குது" என்பவர்களும் தப்பு. எடையைத் தாங்குவது நட்டு அழுத்தும் அழுத்தமும், வீலுக்கும் ஹப் முகத்துக்கும் இடையிலான உராய்வும்தான். வளையம் இடம் காட்டும் வேலை மட்டும் செய்கிறது. இல்லாவிட்டால் பிளாஸ்டிக் வளையம் ஒரு நாள் தாங்குமா? ஆகவே நட்டை அந்தந்த வண்டியின் கையேட்டில் போட்ட டார்க்குக்கு முறுக்குவதை வளையம் ஈடுகட்டாது. பி.சி.டி. பொருந்தாத வீலையும் வளையம் காப்பாற்றாது. நட்டுத் துளையை ராவிப் பெரிதாக்கி மாட்டுவது உயிரோடு விளையாடுவது.

கனரக லாரிகளைப் பாருங்கள். 10 போல்ட், 335 மி.மீ. பி.சி.டி., 281 மி.மீ. நடுத்துளை என்ற சர்வதேச அளவில் வரும் வீல்களுக்கு ஹப்தான் மையம் காட்டுகிறது. 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், பின்னால் அசோக் லேலண்டாகி எண்ணூரில் லாரி கட்டியது. 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கியதுதான் இன்று எம்.ஆர்.எஃப். டயர். சக்கரத்தைப் பற்றி ஊருக்குச் சொல்லித் தர வேண்டிய மண்ணில் பிறந்துவிட்டு, நாம் துளையை அளக்காமல் இருக்கலாமா?

சரி, எந்த வளையம் வாங்குவது? இங்கேதான் என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். கடையில் இரண்டு வகை உண்டு: பிளாஸ்டிக், அலுமினியம். "அலுமினியம்தான் உசத்தி" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லாதீர்கள். ராயபுரம், காசிமேடு, எண்ணூர்ப் பக்கம் உப்புக்காற்று. எஃகு ஹப்பும் அலுமினிய வளையமும் உப்பு ஈரத்தில் சேர்ந்தால் அரிப்பு வேகமாகும். வளையம் ஹப்போடு ஒட்டிக்கொள்ளும். ராத்திரி மழையில் பஞ்சர் ஆகி ஸ்டெப்னியை எடுக்கிறீர்கள். அது கம்பெனி இரும்பு வீல், அதன் துளை 54.1. ஹப்பிலோ வளையம் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. ஸ்டெப்னி எப்படி உட்காரும்? பிளாஸ்டிக்குக்கு அரிப்பு இல்லை, ஒட்டாது. ஆனால் நல்ல பாலிகார்பனேட்டே 145 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் இளகிவிடும். மலைப்பாதையில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும் வண்டியில் ஹப் நன்றாகச் சூடேறும்.

எனவே ஊருக்குள் ஓடும் குடும்ப வண்டிக்கு நல்ல பிளாஸ்டிக் வளையமே போதும். திருமலை, ஏற்காடு என்று மலையேறும் டாக்சிக்கு அலுமினியம். ஆனால் மாட்டும் முன் ஹப்பின் துருவைத் தேய்த்து எடுத்து, பிடித்துக்கொள்ளாமல் இருக்க ஆன்டி சீஸ் பசையை மெல்லிசாகத் தடவ வேண்டும். பசை நட்டிலோ போல்ட்டிலோ படக்கூடாது. சக்கரம் கழற்றும்போதெல்லாம் வளையத்தையும் கழற்றிப் பார்க்க வேண்டும். எந்த வகையானாலும் கையால் அழுத்தினால் உட்கார வேண்டும், ஆடக்கூடாது; சுத்தியல் தேவைப்பட்டால் அளவு தப்பு. வளையத்தின் விளிம்பு வீல் முகத்துக்கு வெளியே துருத்தவும் கூடாது. துருத்தினால் வீல் ஹப்பில் படியாது, நட்டு தளரும்.

மாமாவுக்கு அலுமினியம் என்று முடிவு செய்தோம். லேத் பட்டறை அண்ணனிடம் போனோம். "அளவு சொல்லு தம்பி" என்றார். 54, 73 என்றேன். சிரித்தார். "பாயிண்டுக்கு அப்பால சொல்லு." மறுபடி ஓடி, நம் வெர்னியரின் 0.02 மி.மீ. வரை அளந்து, படம் போட்டுக் கொடுத்தேன். அவர் எட்டாவது வரை படித்தவர். ஆனால் அந்தக் கேள்வியை அவர்தான் கேட்டார், டிப்ளமோ படிக்கும் நான் கேட்கவில்லை. வளையம் போட்டு, சக்கரத்தைத் தொங்கவிட்டு நட்டை முறுக்கி, அதே ஹைவேயில் நூறு வரை போய் வந்தோம். மாமா ஸ்டியரிங்கை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு, "இதுக்கா இவ்ளோ துட்டு செலவு பண்ணேன்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் என்னவோ போல இருந்தது.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள். நம் வீட்டார் நாம் சொல்வதைச் சரிபார்க்க மாட்டார்கள், அப்படியே நம்புவார்கள். ஆகவே தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்ல நமக்கு உரிமை இல்லை. அளந்துவிட்டுச் சொல்வோம்.

பேரவைக்கு ஒரு வேண்டுகோள். ஆயுத பூஜை நேரத்தில் கல்லூரி வாசலில் ஒரு நாள் முகாம் போடலாம். ஒரு ஜாக்கி, ஒரு டார்க் ரெஞ்சு, நாலு வெர்னியர் போதும். அலாய் வீல் போட்ட டாக்சிகளுக்குத் துளையும் ஹப்பும் இலவசமாக அளந்து, வேண்டிய வளையத்தின் அளவைச் சீட்டில் எழுதிக் கொடுப்போம். முதல் வண்டியாக என் மாமா வண்டியைக் கொண்டு வருகிறேன். வளையம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று அதையும் பார்த்தாக வேண்டுமே!