பட்டும் பட்டாவும்
(பத்தாம் வகுப்பு மாணவி)

"உத்தியோகம் புருஷ லட்சணம்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் அடிக்கடி கூறக் கேட்டிருக்கிறோம். அப்படியானால் பெண்ணுக்கு எது லட்சணம்? அடக்கம், பொறுமை, சமையல் என்று பட்டியல் நீளும். கடை வைப்பதும் நிலம் வாங்குவதும் அதில் இடம்பெறுவதே இல்லை. விவிலியமோ வேறு விதமாகப் பேசுகிறது. நீதிமொழிகள் நூலின் 31ஆம் அதிகாரத்தில் புகழப்படும் இல்லத்தரசி ஆடை செய்து வணிகருக்கு விற்கிறாள். வயல் ஒன்றை நன்கு ஆராய்ந்து விலைக்கு வாங்கித் திராட்சைத் தோட்டம் போடுகிறாள். திருத்தூதர் பணிகள் நூலில் வரும் லீதியாவும் செந்நிற ஆடை விற்றவர்தான். புனித பவுலைத் தம் வீட்டில் தங்கவைக்க அவரால் முடிந்தது. ஜவுளியும் சொத்தும் பெண்ணின் கைக்கு அந்நியமல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஜவுளி என்றதும் காஞ்சிபுரத்தாருக்கு நினைவுக்கு வரும் பெயர் நல்லி. காஞ்சியிலிருந்து சேலை கொண்டுபோய்ச் சென்னையில் விற்ற நல்லி சின்னசாமி செட்டியார், 1928இல் தியாகராய நகரில் கடை திறந்தார். அக்காலத்தில் அது புதிதாக எழும்பி வந்த பேட்டை. எந்த இடத்தில் கடை போடுவது என்ற தீர்மானத்திலேயே பாதி வியாபாரம் அடங்கிவிடுகிறது என்பது என் எண்ணம். இன்று அங்கே நிலம் என்ன விலை என்பதைப் பெற்றோர்கள் நன்கறிவார்கள்! 1940இல் பிறந்த அவருடைய பேரர் குப்புசாமி செட்டியார், 1956இலேயே கடைப் பொறுப்பை ஏற்றார். ஏறக்குறைய நம் வயது, தோழியரே. 2003இல் பத்மஸ்ரீ, 2025இல் பத்மபூஷண் என்று நாடு அவரைச் சிறப்பித்திருக்கிறது.

ஆயினும் என்னைக் கவர்ந்தவர் அவருடைய பேத்தி லாவண்யா நல்லி. அண்ணா பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் பொறியியல் படித்துவிட்டு 2005இல் கடைக்கு வந்தார். பின்னர் அமெரிக்காவில் ஹார்வர்டில் நிர்வாகவியல் கற்று, வெளியே வேலையும் பார்த்து, மீண்டும் குடும்பத் தொழிலுக்கே திரும்பி, இணையம் வழியாகச் சேலை விற்பதை வளர்த்தார். அக்குடும்பத்தில் வியாபாரத்தில் இறங்கிய முதல் பெண் அவரே. 1928க்கும் 2005க்கும் இடையே 77 ஆண்டுகள்! சேலையை உடுத்தியவர்கள் முழுக்கப் பெண்கள். கல்லாவில் அமர்ந்தவர்கள் முழுக்க ஆண்கள்.

"அவர் பணக்கார வீட்டுப் பெண், கடை தயாராக இருந்தது" என்று சிலர் கூறுவர். உண்மைதான், மறுக்கவில்லை. நம் வீடுகளில் இருப்பது கடையல்ல, தறி. கோர்வைச் சேலை நெய்ய மூன்று நாடா வேண்டும். கரை நாடாவை எறியப் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் மனைவி அல்லது மகள். தார் சுற்றுவதும் அவர்களே. சேலை முடிந்ததும் கூலி எழுதப்படுவது பல வீடுகளில் ஒரே பெயரில். பாதிச் சேலைக்கு உழைத்தவளின் பெயர் எந்த நோட்டிலும் இல்லை. நீதிமொழிகளின் அந்த அதிகாரம் எப்படி முடிகிறது என்று எடுத்துப் பாருங்கள். அவளுடைய கைகளின் பயன் அவளுக்கே சேரட்டும் என்றுதான் முடிகிறது.

நிலத்தின் கதையும் இதுவே. நம் கூரம் செப்பேடு, பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தில், 7ஆம் நூற்றாண்டிலேயே, எந்த நிலம் யாருக்கு என்பதைச் செம்பில் வெட்டி வைத்தது. அத்தகைய ஊரில் பட்டாவில் பெயருள்ள பெண்கள் எத்தனை பேர் என்று நம் தெருவில் மட்டும் எண்ணிப் பார்க்கலாம். சட்டம் குறுக்கே நிற்கவில்லை. மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986இல் உச்சநீதிமன்றம் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவப் பெண்களுக்குத் தந்தை சொத்தில் சம பங்கு உண்டென்றது. இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம உரிமையைத் தமிழ்நாடு 1989இலும், நாடு முழுவதும் 2005இலும் வழங்கின. 1-4-2025 முதல் 10 லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் நம் மாநிலத்தில் பதிவுக் கட்டணம் 1 சதவிகிதம் குறைவு. அப்பாக்கள் கவனிக்க!

கன்னியர் இல்லச் சகோதரிகள் என்னைக் கடிந்துகொள்ளலாம். ஊசியின் காதையும் ஒட்டகத்தையும் மறந்துவிட்டாயா என்பார்கள். மறக்கவில்லை. நம் ஊரில் பிறந்த கூரத்தாழ்வானும் பெரும் செல்வத்தைத் துறந்தே திருவரங்கம் போனார். ஆனால் துறப்பதற்கும், பிறருக்குக் கொடுப்பதற்கும், முதலில் ஏதேனும் ஒன்று நம் பெயரில் இருக்க வேண்டுமல்லவா?

பொதுத்தேர்வு முடிந்ததும் பதினொன்றாம் வகுப்பில் எந்தக் குரூப் என்ற கேள்வி வரும். வணிகவியலும் கணக்குப்பதிவியலும் மதிப்பெண் குறைந்தவர்களுக்கு என்றொரு பேச்சு உண்டு. இதைக் கிளப்பியவர் ஒருநாளும் கடை நடத்தியவராக இருக்க முடியாது. நூலுக்கு முன்பணம் எவ்வளவு, கூலியில் பிடித்தம் எவ்வளவு என்று எழுதத் தெரிந்த பெண் ஒருத்தி ஒவ்வொரு தறி வீட்டிலும் இருக்கட்டும். அப்படியே கரை நாடா எறிபவள் பெயரிலும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் ஓர் அங்கத்தினர் எண் கேட்டுப் பார்க்கலாம். விண்ணப்பம் நிரப்ப நல்ல கையெழுத்து உள்ளவர்கள் எங்கள் வகுப்பிலேயே பலர் இருக்கிறோம்.