டோம்பிவிலி தந்த எண்

கல்யாணில் ஸ்லோ லோக்கல் ஏறினால், மும்பை நோக்கிப் போகையில் இரண்டாவது ஸ்டேஷன் டோம்பிவிலி. காலையில் அங்கே வண்டிக்குள் கால் வைக்க இடம் கிடைத்தாலே அதிர்ஷ்டம். முண்டியடிக்கும் கூட்டத்தில் தமிழ்க் குரல்களும் கேட்கும். அந்த ஸ்டேஷனின் பழைய பெயர் 'டெம்லோ'. கணிதத்தில் அது ஒரு எண் வகையின் பெயராகவே நிலைத்துவிட்டது.

பெயர் வைத்தவர் டி.ஆர். காப்ரேகர். கல்யாணிலிருந்து நாசிக் பாதையில் மலையேறிப் போனால் வரும் தேவ்லாலியில் 1930 முதல் 1962 வரை பள்ளி ஆசிரியர். இந்த எண்களைப் பற்றிய யோசனை அவருக்குத் தோன்றிய இடம் அந்த ஸ்டேஷன்.

2553 என்ற எண்ணைப் பாருங்கள். நடுவில் 55. இரு ஓரத்து 2-ஐயும் 3-ஐயும் கூட்டினால் அதே 5. இதுதான் டெம்லோ எண். இந்த வகையில் ராஜா, ஒன்பது ஒன்றுகளை வரிசையாக எழுதி, அதை அதாலேயே பெருக்கினால் வருவது:

12345678987654321

123 கோடி கோடிக்கு மேல். சாதாரண கால்குலேட்டர் இதில் திணறும். பென்சிலும் பேப்பரும்தான் சரி. ஒன்றுகளை ஒன்பது வரிசையாக, ஒவ்வொரு இடம் தள்ளித் தள்ளி எழுதிக் கூட்டினால், ஏறி இறங்கும் இந்தப் படிக்கட்டு ஏன் வருகிறது என்பது கண்ணுக்கே தெரியும். நடு 9-ஐ விட்டுவிட்டு இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் கூட்டுங்கள். 12345678-ம் 87654321-ம் சேர்ந்து 99999999. எல்லா இலக்கங்களையும் கூட்டினால் 81, அதாவது ஒன்பதின் வர்க்கம்.

'சிறுபிள்ளை விளையாட்டு' என்று நம் கணித மேதைகள் பலர் சிரித்தார்கள். நாம் பத்து பத்தாக எண்ணுவதால் நேரும் தற்செயல், இதில் ஆழமில்லை என்பது அவர்கள் கட்சி. அதில் நியாயம் இல்லாமலில்லை. முதுகலைப் பட்டம் இல்லாத வாத்தியார் என்பதும் சேர்ந்துகொண்டது. காப்ரேகர் அசரவில்லை. தன் புகழ்பெற்ற 6174-ஐ அவர் அறிவித்தது 1949-ல், சென்னையில் நடந்த கணித மாநாட்டில். 1975-ல் அமெரிக்காவின் மார்ட்டின் கார்ட்னர் தன் பத்திரிகைப் பகுதியில் எழுதிய பிறகுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. அப்போது அவருக்கு வயது 70.

சரி, பத்து ஒன்றுகள் போட்டால்? நடு வரிசையில் கூட்டுத்தொகை பத்தாகி, கையிருப்பு ஏறி, படிக்கட்டு இடிந்துவிடுகிறது. விடை 1234567900987654321. இலக்கங்களின் கூட்டல் நூறாக வேண்டியது; 82-ல் நின்றுவிடுகிறது. ஆனால் இங்கே காப்ரேகரின் இன்னொரு கண்டுபிடிப்பு கைகொடுக்கிறது. 45-ன் வர்க்கம் 2025. 20-ஐயும் 25-ஐயும் கூட்டினால் மீண்டும் 45. இப்படித் தன்னிடமே திரும்பும் எண்களுக்குக் 'காப்ரேகர் எண்' என்று பெயர். இடிந்த விடையையும் அதேபோல் 123456790 என்றும் 0987654321 என்றும் பிரித்துக் கூட்டிப் பாருங்கள்.

பத்து ஒன்றுகளும் அப்படியே திரும்பி வருகின்றன.